அழுங்கும் சுனைத் தண்ணீரும்

சரசர, சரசர. காய்ந்த புளியம்பழங்களைக் கூடையில் போட்டு மெல்லக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். கூகைமலையில் பொழுது சாயும் வேளையில் அந்தச் சத்தம் கேட்டால், அழுங்கு வளையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று எல்லா விலங்குகளுக்கும் தெரியும். அதைக் கேட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது.

அழுங்கு என்றால் எறும்புதின்னி. தலையிலிருந்து வால் நுனி வரை கெட்டியான செதில்கள். நடக்கும்போது செதிலோடு செதில் உரசும். வாலின்மேல் அதன் ஒரே குட்டி ஒட்டிக்கொண்டு சவாரி வரும். பகலெல்லாம் தூங்கும், அந்தியில் எழுந்து எறும்பும் கறையானும் தேடும். யார் வம்புக்கும் போகாது.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஓடைகள் வற்றின. அடிவாரத்து ஏரி வெடித்துக் கிடந்தது. மலை உச்சியில், பாறைக் குழிவில் ஒரே ஒரு சுனை மட்டும் மிஞ்சியது. அதற்காக மானும் பன்றியும் முட்டிக்கொண்டன. மயிலின் காலை யாரோ மிதித்து ஒடித்துவிட்டார்கள்.

அந்த மலையில் புத்திசாலி என்று பெயர் வாங்கியது ஒரு மந்தி. அது எல்லாரையும் சுனையடிக்குக் கூப்பிட்டது.

"இப்படியே போனால் தண்ணீர் வற்றுவதற்குள் நாம் வற்றிவிடுவோம்," என்றது மந்தி. "சுனைக்குப் பக்கத்தில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. எல்லாரும் முறை வைத்துக் குடிப்போம். சம்மதமா?"

சிறுத்தை உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள்.

உடும்பு முதலில் எழுந்தது. "எங்களுக்கும் பாம்புகளுக்கும் ஓணான்களுக்கும் அமாவாசைக்கு ஒரு தரம், பௌர்ணமிக்கு ஒரு தரம் குடித்தால் போதும். எங்களுக்குத் தாகம் குறைவு. தண்ணீர் தேவைப்படுகிறவர்கள் குடியுங்கள்."

அது பெருந்தன்மையான பேச்சு. மந்திக்கு அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது.

"அப்படியானால் கணக்கு சுலபம். செதில்காரர்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும். இறகுக்காரர்களுக்குத் தினமும் நண்பகல். ரோமக்காரர்களுக்குத் தினமும் காலையும் மாலையும். உடம்பின்மேல் என்ன போர்த்தியிருக்கிறது என்று பார்த்தால் போதும், யார் எந்தக் குலம் என்று சொல்லிவிடலாம்."

"வௌவால்?" என்று ஒரு மைனா கேட்டது. "அது எங்களைப்போலப் பறக்கிறதே."

மந்தி மரத்தில் தொங்கிய வௌவாலின் இறக்கையை விரித்துப் பார்த்தது. "பறந்தால் போதுமா? இறகு எங்கே? உடம்பெல்லாம் ரோமம். இது எங்களோடு சேர்ந்தது."

அது சரியான தீர்ப்பு. ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்டால், எப்போதும் சரியாகச் சொல்வோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மந்திக்கும் வந்தது.

அடுத்து முள்ளம்பன்றி. "இது என்ன குலம்? முள் குலமா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. முள்ளம்பன்றி அவசர அவசரமாக முன்னால் வந்து மீசையைக் காட்டியது, வயிற்றைக் காட்டியது. "பாருங்கள், ரோமம். இந்த முள்ளும் ரோமம்தான், தடித்துப்போன ரோமம்."

"போகட்டும், மீசை இருக்கிறது," என்றது மந்தி. முள்ளம்பன்றி ரோமக்காரர்கள் பக்கம் போய், கூட்டத்தின் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

"அழுங்கைக் காணோமே?" என்றது மைனா.

"வளையில் தூங்கும். அதை எழுப்பிக் கேட்க என்ன இருக்கிறது?" என்றது மந்தி. "உச்சி முதல் வால் வரை செதில்."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

அன்று மாலை, சரசர என்று சத்தம் கேட்டது. குட்டியைச் சுமந்துகொண்டு அழுங்கு சுனைக்கு வந்தது. வழியில் கரடி காவல் நின்றது.

"நில் நில். எங்கே போகிறாய்?"

"தண்ணீர் குடிக்க, மாமா."

"உன் முறை அமாவாசைக்கு. இப்போதுதான் பௌர்ணமி கழிந்தது. போய்விட்டு அப்புறம் வா."

அழுங்குக்குப் புரியவில்லை. கரடி விளக்கிச் சொன்னது. அழுங்கு குட்டியைத் திரும்பிப் பார்த்தது.

"மாமா, நான் பால் கொடுக்கிறவள். தினம் தண்ணீர் குடிக்காவிட்டால் பால் வற்றிவிடும். குட்டி எதைக் குடிக்கும்?"

"செதில் உள்ளவள் பால் கொடுப்பாளா? நல்ல கதை."

"நீங்களும் கறையான் புற்றைத் தோண்டித் தின்கிறீர்கள், நானும் அதைத்தான் தின்கிறேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"ஒரே தீனி தின்றால் உறவாகிவிடுமா? மரங்கொத்திகூடத்தான் எறும்பு தின்கிறது. நாளைக் காலையில் மந்தியிடம் வந்து சொல்."

கரடி சொன்னதில் பாதி உண்மை. ஒரே தீனியால் உறவு வராது. ஆனால் வேறொரு வழியாக அவை இரண்டும் உறவுதான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், கரடிக்கும் சிறுத்தைக்கும் கீரிக்கும் அழுங்குக்கும் ஒரே பாட்டி. உடும்பைவிடக் கரடிதான் அழுங்குக்கு நெருங்கிய சொந்தம். அது அந்த மலையில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடியும்போது, தூக்கத்தை விட்டுவிட்டு அழுங்கு சபைக்கு வந்தது. குட்டியை வயிற்றோடு அணைத்திருந்தது.

"இது செதில் இல்லை, மந்தியக்கா," என்றது. "என் நகமும் இந்த ஓடும் ஒரே பொருள். ஆதியில் எங்களுக்கும் ரோமம்தான் இருந்தது. சிலதுக்கு மெல்லிய ரோமம், சிலதுக்குத் தடித்த ரோமம். மெல்லியதைச் சிறுத்தையின் பாட்டன்கள் தின்றுவிட்டார்கள். தடித்ததைக் கடிக்க முடியவில்லை. தப்பித்தவைதான் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளிலும் இன்னும் தடித்தவை தப்பித்தன. அப்படித் தலைமுறை தலைமுறையாக இறுகி இறுகி இப்படி ஆயிற்று."

"ரோமம் ஓடாகுமாம்!" என்று நரி சிரித்தது. "அப்படியானால் என் வால் நாளைக்குத் தும்பிக்கை ஆகிவிடும் போலிருக்கிறதே."

"நாளைக்கு ஆகாது. உன் வாலும் ஆகாது," என்றது அழுங்கு. "நான் சொல்வது ஒருத்தியின் ஆயுளில் நடந்த காரியம் இல்லை. சந்தேகம் என்றால் முள்ளம்பன்றி அண்ணனைக் கேளுங்கள். அவருடைய முள்ளும் அப்படி வந்ததுதானே?"

எல்லாரும் முள்ளம்பன்றியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முள்ளம்பன்றியின் வளை அழுங்கின் வளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுங்கு பால் கொடுப்பதை அது பல தடவை பார்த்திருக்கிறது. ஆனால் நேற்று கூட்டம் சிரித்த சிரிப்பு அதன் காதில் இன்னும் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால், முள்ளைப் பற்றிய பேச்சு மறுபடி எழும். அழுங்குக்கு இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தன் இடம் போய்விடக் கூடாது.

"எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றது முள்ளம்பன்றி, சுனையைப் பார்த்தபடி.

அழுங்கு குட்டியை இன்னும் இறுக அணைத்துக்கொண்டது.

"சரி," என்றது மந்தி. "பால் கொடுக்கிறாய் என்றால் காட்டு. வயிற்றில் ரோமம் இருந்தால் காட்டு. முள்ளம்பன்றி காட்டியது, நீயும் காட்டு. அதோடு முடிந்தது."

நியாயமான பேச்சுதான். அழுங்கின் வயிற்றில் ரோமம் இருந்தது. மார்பில் பால் இருந்தது. அது பின்னங்காலில் எழுந்து நிமிர்ந்து காட்டப் போனது. பார்க்கும் ஆசையில் எல்லாரும் நெருங்கினார்கள். கரடி நெருங்கியது. நரி எட்டிப் பார்த்தது. சிறுத்தை கழுத்தை நீட்டியது. சிறுத்தையின் மூச்சு அழுங்கின் முகத்தில் பட்டது.

அழுங்கு சுருண்டுகொண்டது.

சுனையருகில் வேட்டை இல்லை என்ற சட்டம் அதற்குத் தெரியும். அதன் உடம்புக்குத் தெரியாது. மூச்சுப் பட்டதும் சுருண்ட பாட்டிகள்தான் பிழைத்தார்கள். யோசித்து நின்றவர்களுக்குப் பேத்திகள் இல்லை. குட்டியை உள்ளே வைத்து, வாலால் மூடி, ஓர் ஓட்டு உருண்டையாக அது கிடந்தது.

"காட்டு என்றால் மூடிக்கொள்கிறாளே," என்றது நரி. "இருந்தால்தானே காட்டுவாள்."

கரடி உருட்டிப் பார்த்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தது. நெம்ப நெம்ப உருண்டை இறுகியது.

"கொஞ்சம் தள்ளி நிற்போமா?" என்று யாரும் கேட்கவில்லை. தள்ளி நின்றிருந்தால் சற்று நேரத்தில் அது தானாகத் திறந்திருக்கும்.

"சந்தர்ப்பம் கொடுத்தாயிற்று," என்றது மந்தி. "செதில்தான்."

அழுங்கு செதில்காரர்களின் பாறைக்குப் போயிற்று. அங்கே உடும்பு அதற்கு நிழலில் இடம் விட்டது. இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, உடும்பு நேராக மந்தியிடம் வந்தது.

"அக்கா, அவளை எங்கள் கூட்டத்திலிருந்து எடுத்துவிடு. அவள் எங்களைச் சேர்ந்தவள் இல்லை."

"ஏன், சண்டை போடுகிறாளா?"

"இல்லை. வெயில் ஏறும்வரை நாங்கள் கல்லோடு கல்லாகச் சில்லென்று கிடப்போம். அவள் உடம்பு எப்போதும் சூடாக இருக்கிறது. முட்டையை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். முட்டையே கிடையாதாம்."

"ஒரு வாய் குறைந்தால் உங்கள் பங்கு கூடும். அதற்குத்தானே வந்தாய்?"

"எங்கள் பங்கை நாங்களேதான் குறைத்துக் கேட்டோம். மறந்துவிட்டாயா?"

பதில் வராதபோது பெரியவர்கள் சொல்வதை மந்தியும் சொன்னது. "சபை முடிவு செய்தாயிற்று. அடிக்கடி மாற்றினால் முறை என்று ஒன்று இருக்காது."

அழுங்கு பாறையிலும் தங்கவில்லை. பழைய வளைக்கே திரும்பியது. பக்கத்து வளையில் முள்ளம்பன்றி காதைப் பொத்திக்கொண்டு படுத்தது. முதலில் குட்டி பசித்து அழும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை சிணுங்கலாயிற்று. ஒரு நாள் சிணுங்கலும் நின்றுவிட்டது. அழுகையைப் பொறுத்துக்கொண்ட முள்ளம்பன்றியால் அந்த அமைதியைப் பொறுக்க முடியவில்லை. எழுந்து மந்தியைத் தேடி ஓடியது.

"நான் பொய் சொன்னேன், அக்கா. என் முள் எப்படி வந்ததோ அப்படித்தான் அவள் ஓடும் வந்தது. அவள் பால் கொடுப்பதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்."

"ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?"

"என்னையும் வெளியே தள்ளிவிடுவீர்கள் என்று பயந்தேன்."

மந்தியின் மடியிலும் ஒரு குட்டி இருந்தது. மந்தி ஒரு நொடி அதைப் பார்த்தது. பிறகு தேக்கிலையைத் தொன்னையாக மடித்துத் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடியது.

வளை வாசலில் அழுங்கு கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் சுருண்டுகொண்டது.

"தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன், தாயே. திற," என்றது மந்தி. உருண்டை அசையவில்லை. தொட்டுப் பார்த்தது. இன்னும் இறுகியது.

"தொடாதே," என்றது முள்ளம்பன்றி. "தள்ளி வா. மூச்சுக்கூடப் படக் கூடாது."

தொன்னையை வைத்துவிட்டு இரண்டும் ஒரு புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன. நிழல் நீண்டது. உருண்டை மெதுவாகத் தளர்ந்தது. வால் விலகியது. வயிற்றில் பூனைமயிர்போல மெல்லிய ரோமம் தெரிந்தது. மார்பில் வற்றிப்போன இரண்டு காம்புகள். அதில் ஒன்றை வாயில் கவ்வியபடியே குட்டி செத்திருந்தது.

அழுங்கு தொன்னையை ஒரு தரம் முகர்ந்தது. குடிக்கவில்லை. குட்டியின் வாயருகே தொன்னையை மூக்கால் நகர்த்தியது. மறுபடி நகர்த்தியது. தண்ணீர் மண்ணில் கொட்டிப் போயிற்று.

மறுநாள் மந்தி சபையைக் கூட்டி, அழுங்குக்குக் காலையும் மாலையும் முறை உண்டு என்று அறிவித்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. முள்ளம்பன்றி எழுந்து, தன் முள்ளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னது. ஒருவரும் அதை வெளியே தள்ளவில்லை. அது பயந்ததுபோல எதுவுமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த முள்ளம்பன்றி சுனையில் தலை நிமிர்ந்து தண்ணீர் குடித்ததை யாரும் பார்க்கவில்லை.

உடம்பின்மேல் இருப்பது பிழைத்த வழியைச் சொல்லுமே தவிரப் பிறந்த வழியைச் சொல்லாது. அது தெரிந்தும் தன் இடம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறவனின் பிழை, தெரியாமல் தீர்ப்புச் சொன்னவனின் பிழையைவிடப் பெரியது.

அழுங்கு அந்தக் கோடையிலேயே மலையை விட்டு இறங்கி, ஏரிக்கு அப்பால் இருந்த முள்காட்டுக்குப் போய், வேறு குட்டி ஈனாமல் அங்கேயே செத்தது.