தலை தெரியாத ஸ்க்ரூ

கூழாம்பட்டியில் மூக்கையா, சன்னாசி, பேச்சிமுத்து என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் சொன்ன சொல் தட்டாத குணம். வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

அவர்கள் வீட்டு வாசல் கதவின் அடியில் எலி கடித்த இடத்தை மறைக்க, மூக்கையா ஓர் இரும்புத் தகட்டை ஒரே ஸ்க்ரூவால் பொருத்தியிருந்தான். ஸ்க்ரூவின் தலை புடைத்துக்கொண்டு நின்றது. அவன் பெண்டாட்டி செண்பகவடிவின் சேலைகள் அதில் மாட்டி மாட்டிக் கிழிந்தன. இந்த நேரத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம் வந்தது.

“பட்டுச்சேலையும் கிழிஞ்சுதுன்னா, கல்யாண வீட்டுலேருந்து நான் திரும்பி வர மாட்டேன்,” என்றாள்.

மூக்கையா அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். நேரே லேத் பட்டறை தாவீதிடம் ஓடினான்.

தாவீது புதுத் தகடும் டிரில் மெஷினும் கொடுத்துச் சொன்னார்: “துளை விழுற இடத்துல முதல்ல பொட்டு வையி. எண்ணெய் விட்டுத் துளை போடு. அப்புறம் பெரிய டிரில் பிட்டால துளையோட வாயை அகலமாக்கு. ஸ்க்ரூ தலை அதுக்குள்ள அமுங்கிரும், வெளியே தெரியாது.”

வீட்டில் ஆலோசனை நடந்தது.

“குங்குமப் பொட்டா, சாந்துப் பொட்டா?” என்றான் சன்னாசி.

“தகடு ஆணா பொண்ணான்னு தெரியாம எப்படி வைக்கிறது?” என்றான் பேச்சிமுத்து.

மூக்கையா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “புது இடத்துக்குப் போகுது. பொண்ணாத்தான் இருக்கணும்,” என்று குங்குமம் வைத்தான்.

எண்ணெய் விஷயத்தில் விவாதமே இல்லை. எண்ணெய் என்றால் தலைக்குத்தான். மூவரும் உச்சி குளிர நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழிந்த எண்ணெயில் மெஷின் கைக்குக் கை வழுக்கி, குங்குமத்தை மட்டும் தொடாமல் தகடு முழுக்கக் கோலம் போட்டது. ஒருவழியாக, பழைய தகட்டைக் கழற்றிய இடத்தில் புதுத் தகட்டையும் கதவையும் சேர்த்துத் துளை விழுந்தது.

பிறகு வாயை அகலமாக்கினார்கள். ஸ்க்ரூவைப் போட்டால் தலை தெரிந்தது. இன்னும் அகலமாக்கினார்கள். கடைசியில் ஸ்க்ரூ முழுசாக உள்ளே போய், கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

“இப்போ தலை சுத்தமாத் தெரியலை,” என்று மூக்கையா நிறைவோடு கையை எடுத்தான். தகடு அவன் கால்மேல் விழுந்தது.

“ஸ்க்ரூ ரொம்ப ஒல்லிண்ணே,” என்றான் சன்னாசி. உள்ளே போய், கதவுக்குப் பின்னால் படுத்து, தன் கட்டை விரலைத் துளைக்குள் திணித்தான். அளவெடுத்ததுபோல் இறுகியது. தகடு நின்றது. மூக்கையா தடவிப் பார்த்தான், மொழுமொழுவென்று இருந்தது.

செண்பகவடிவு பட்டு உடுத்தி, கதவை உரசிக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“சரி, எல்லாரும் கிளம்புங்க,” என்றாள்.

சன்னாசியின் விரல் வரவில்லை.

“ஸ்க்ரூவை இழுத்தா வருமா? இடது பக்கமாத் திருகணும்,” என்றான் பேச்சிமுத்து. இருவரும் சன்னாசியின் கால்களைப் பிடித்துத் தூக்கினார்கள். அப்போதுதான் மூக்கையாவுக்குச் சந்தேகம் வந்தது.

“உள்ள நின்னு பார்த்தா இது இடது. வாசல்ல நின்னு பார்த்தா வலதுல்ல?”

“அண்ணி காத்துக்கிட்டு இருக்காங்க,” என்றான் சன்னாசி. “ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சுத்து திருப்பிப் பாருங்க.”

நியாயமாகப் பட்டது. இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று. சன்னாசி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான்.

மூக்கையா வேர்வையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தான்.

“வா வடிவு, போகலாம். நல்லா இறுகிருச்சு. நாம திரும்பி வர்ற வரைக்கும் அசையாது.”