மைனா சொல்லாத கசிவு

நாவல்குளத்துக் காட்டில் மணிக்குரலன் என்று ஒரு மைனா இருந்தது. பொழுது விடிந்ததும் கரையோர மருத மரத்தில் உட்கார்ந்து, காட்டில் நடந்ததைக் கூவிச் சொல்வதுதான் அதன் வேலை. அது பொய் சொல்லாது. அதனால் அதன் பேச்சைக் கேட்காமல் எந்த விலங்கும் தண்ணீரில் வாய் வைக்காது.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம், மயிலுக்கும் குரங்குக்கும் தகராறு வந்தது. யாருடைய வால் அழகு?

மைனா அதைக் கூவியது. கூட்டம் இரண்டு மடங்கானது. மறுநாளும் கூவியது. "மயிலுக்கு இருப்பது வாலே அல்ல, தோகை என்கிறது குரங்கு!" காடு இரண்டு பட்டது. முள்ளம்பன்றியும் கரடியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதை விட்டன.

சிட்டாள் என்ற கவுதாரி, குளக்கரையின் அடிவாரப் புல்லில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அதன் வயிற்றில் ஈரம் பட்டது. எழுந்து பார்த்தால், மண்கரையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது! சிட்டாள் மைனாவிடம் ஓடியது.

"அண்ணே, கரை கசிகிறது! கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்!"

"எவ்வளவு கசிகிறது?"

"விரல் தண்டிக்கு."

"அவ்வளவுதானா! குரங்கு இன்று வாலுக்கு எண்ணெய் தேய்த்துக் காட்டப் போகிறது, தங்கச்சி. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்."

"நீங்கள் அதையே சொல்வதால்தான் கேட்கிறார்கள், அண்ணே."

மைனாவுக்கு முகம் சுருங்கியது. "நான் எந்த வாலுக்காவது பரிந்து பேசினேனா? இரு தரப்பையும் சமமாகத்தான் சொல்கிறேன்!"

அதுவும் உண்மைதான்.

சிட்டாள் காட்டுப்பன்றியிடம் போனது. "மாமா, உங்கள் மூக்கால் நாலு தள்ளு மண் தள்ளினால் கரை பிழைக்கும்!"

"அது இருக்கட்டும். நீ மயில் பக்கமா, குரங்கு பக்கமா?"

"நான் கரைப் பக்கம், மாமா."

பன்றி யோசித்தது. "அப்படி ஒரு பக்கம் இருப்பதாக மைனா சொல்லவில்லையே!"

சிட்டாள் திரும்பி வந்து, தன் சின்னக் கால்களால் மண்ணைச் சீய்த்துச் சீய்த்துக் கசிவை அடைத்தது. அடைக்க அடைக்கத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

மறுநாள் நண்பகலில், எல்லா விலங்குகளும் மேட்டில் கூடி வால்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கரை உடைந்தது. சிட்டாள் கடைசி நொடியில்தான் பறந்தது. முட்டைகள் வெள்ளத்தோடு போயின. மாலைக்குள் குளத்தில் சேறுதான் மிஞ்சியது.

"கரை உடைந்தது! குளம் வற்றியது!" என்று மைனா கூவியது. எல்லா விலங்குகளும் அழுதன.

"இப்படி ஓர் ஆபத்து இருந்ததே நமக்குத் தெரியாதே!" என்றது பன்றி.

சிட்டாள் உடைப்பின் ஓரத்தில் நின்று, இன்னும் எங்கெல்லாம் மண் இளகியிருக்கிறது என்று ஒவ்வோர் அடியாய் மிதித்துப் பார்த்தது. சற்று நேரம் கழித்துப் பன்றி மெல்ல இறங்கி வந்து, எதுவும் கேட்காமல், சிட்டாள் காட்டிய இடத்தில் மண் தள்ள ஆரம்பித்தது.

ஓயாமல் காதில் விழுவதுதான் பெரிய செய்தி என்று நம்புகிறவர்கள், காலடியில் நடப்பதைக் கோட்டை விடுவார்கள்.