ஐம்பத்தெட்டால் வகுத்த கடல்

முரல்துறைக்காரர்களைப் பற்றிச் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன் ஐயா. முழுசாகச் சொன்னால் அந்த ஊருக்கு அப்புறம் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

அந்த ஊரில் பங்கு பிரிக்கிறவன் தொபியாஸ். கரைவலை மீனோ, கோயில் அசன விருந்துக் கறியோ, எது வந்தாலும் அவன்தான் வகுத்துக் கொடுப்பான். ஐம்பத்தெட்டுப் பங்கு. ஊரில் வீடு என்னவோ அறுபது. ஆனால் போன அசனத்தில் கறிக்கு உப்பு இல்லை என்று சொன்னதற்காகக் கஸ்பாரை ஊரைவிட்டு விலக்கிவைத்தார்கள். ஆமாம், உப்பு இல்லைதான் என்று சொன்னதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனையும் விலக்கிவைத்தார்கள். அன்று தொபியாஸ் உப்பில்லாத கறியைத் தின்றுகொண்டே பட்டியலில் இரண்டு பெயரை அடித்தான். கஸ்பார் அவனுடைய அக்காள் புருஷன்தான். இருந்தாலும் நியாயம் நியாயம் இல்லையா?

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கரையில் நின்ற தொபியாஸின் படகில் வயர்லெஸ் அலறியது.

"மாப்ள, கஸ்பார் பேசுதேன். இஞ்சின் செத்துப்போச்சு. அடிப்பலகை விட்டுத் தண்ணி ஏறுது. ஒத்தையில இறைச்சு மாளல. நான் நிக்கற எடத்த எழுதிக்கோ. வடக்க எட்டு டிகிரி, இருபத்தொம்பது நிமிஷம், முப்பத்தாறு விநாடி. கிழக்க எழுபத்தெட்டு டிகிரி, அதே இருபத்தொம்பது, அதே முப்பத்தாறு."

தொபியாஸ் பட்டியலின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டான். அக்காள் எஸ்தாக்கி அதற்குள் கரைக்கு ஓடி வந்துவிட்டாள். "ஏல, என் புருஷன் இல்லாம திரும்பி வந்தே, இந்த ஜென்மத்துல நீ எனக்குத் தம்பி இல்ல!" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

படகோட்ட மிக்கேலும், யோசனை சொல்ல இன்னாசியும் ஏறிக்கொண்டார்கள். ஒரு சிக்கல். தொபியாஸின் ஜிபிஎஸ் நிமிஷம், விநாடி எல்லாம் வாங்காது. எட்டு புள்ளி இன்னது என்று டிகிரியைப் புள்ளி வைத்துத்தான் போடவேண்டும்.

"அதுக்கென்ன, நிமிஷத்த அறுபதால வகு. விநாடிய மூவாயிரத்து அறுநூறால வகு. ரெண்டையும் டிகிரியோட கூட்டு. சீக்கிரம்ல, முட்டளவு தண்ணி வந்துட்டு!" என்றார் வயர்லெஸ்ஸில் கஸ்பார்.

தொபியாஸ் பேனாவைக் கீழே வைத்தான். "அறுபதாலயா? நம்ம ஊர்ல ஐம்பத்தெட்டாலதான வகுக்கது?"

"அறுபதால வகுத்தா கஸ்பாருக்கும் ஒரு பங்கு போயிருமே," என்றார் இன்னாசி. "விலக்கிவச்ச ஆளுக்குப் பங்கு கொடுத்தா ஊர்ல கேக்கமாட்டாங்களா?"

"அவரத் தேடத்தான போறோம்?" என்றான் தொபியாஸ்.

"அவரத் தேடறதுல அவருக்கே எதுக்குவே பங்கு?"

தொபியாஸ் இருபத்தொன்பதை ஐம்பத்தெட்டால் வகுத்தான். மீதியே இல்லாமல் சரியாக அரை வந்தது. "பாத்தீரா, சுத்தமா விழுது! அறுபதுன்னா இழுத்துக்கிட்டே கெடந்திருக்கும்," என்று பூரித்துப்போனான்.

"விநாடிக்கு மூவாயிரத்து அறுநூறுன்னாரே?" என்றான் மிக்கேல்.

"அத்தன வீட்டுக்கு எங்கடே போக? பக்கத்து ஊரச் சேத்தாத்தான் உண்டு. அவனுவகூட நமக்குப் பேச்சுவார்த்த கெடையாது," என்றார் இன்னாசி. அதனால் விநாடியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எட்டு புள்ளி ஐந்து, எழுபத்தெட்டு புள்ளி ஐந்து என்று போட்டுக்கொண்டு படகு பறந்தது. நாலு மணி நேரம் கழித்து வழியில் ஒரு படகு பாதி முங்கி நின்றது. அதில் ஒரு ஆள் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கஸ்பார் மச்சான் மாதிரில்லா இருக்கு?" என்றான் தொபியாஸ்.

"இருக்காது. கஸ்பார் இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்காரு," என்றான் மிக்கேல் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே. மரியாதைக்கு மூன்று பேரும் கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

எட்டு புள்ளி ஐந்தில் வெறும் தண்ணீர்தான் கிடந்தது. "முங்கிட்டாரே! எங்கக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்!" என்று தொபியாஸ் ஓவென்று அழுதான். இன்னாசி தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் செபம் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரத்தில் வயர்லெஸ் கத்தியது.

"ஏல அறிவுகெட்டவனே! கையக் காட்டிட்டுப் போறியே, நாந்தாம்ல அது!"

"மச்சான்! உயிரோடதான் இருக்கீரா! ஆனா நீரு தப்பான எடத்துல நிக்கீரு மச்சான். கணக்குப்படி நீரு இங்கதான் இருக்கணும்."

"நான் நிக்கற எடத்துலதாம்ல நான் இருக்கேன்!"

"கோவப்படாதீரும். மூணு பேரு சரிபாத்த கணக்கு. கொஞ்சம் இங்க வந்துருமே."

கஸ்பார் அரை மணி நேரம் கெஞ்சினார், அரை மணி நேரம் ஏசினார். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. வேறு வழி? உடைந்த பலகையால் ஒரு கையில் துழாவி, மறு கையில் தண்ணீரை இறைத்து, நாக்குத் தள்ள ஒரு கிலோமீட்டர் வந்து சேர்ந்தார். ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, சரியான இடம்தான் என்று மூவரும் தலையாட்டிய பிறகே கயிற்றை வீசினார்கள்.

கயிற்றின் மறுமுனையில் நடுங்கிக்கொண்டு நின்ற மச்சானைப் பார்த்ததும் தொபியாஸால் தாங்கமுடியவில்லை. "போதும் மச்சான், நீரு பட்டது போதும். இந்த நிமிஷத்துல இருந்து நீரு ஊர்ல சேத்தி. இனிமே நம்ம ஊருக்கு ஐம்பத்தொம்பது பங்கு!"

இன்னாசி சம்மதம் என்றார். மிக்கேல் விசிலடித்தான். கஸ்பாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

திடீரென்று மிக்கேல் கேட்டான்: "அப்போ இருபத்தொம்பத இனி ஐம்பத்தொம்பதாலல்லா வகுக்கணும்?"

தொபியாஸ் வகுத்தான். முகம் வெளுத்துவிட்டது. எட்டு புள்ளி நாலு ஒன்பது. கஸ்பார் முதலில் நின்றாரே, கிட்டத்தட்ட அந்த இடம்.

"அய்யய்யோ, நாம தப்பான எடத்துல நிக்கோம்! கயித்த அவுருங்க!"

இஞ்சின் உறுமியது. படகு வந்த வழியே திரும்பியது. வெறும் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்ற கஸ்பாரைப் பார்த்துத் தொபியாஸ் தொண்டை கிழியக் கத்தினான்:

"மச்சான், பயப்படாதீரும்! உம்மத் தேடித்தான் போறோம்!"