சத்தமில்லாத எழுத்து

தையல் கடை மாடியில் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் நிலோபர். வயசு இருபத்திரண்டு. படிக்க வந்த செண்பகவடிவு அவளைவிடப் பத்து வயசு மூத்தவள். ஐந்தாவதோடு நின்றவள்.

அன்றைக்குப் பலகையில் 'பேர்' என்று ஒரு வினைச்சொல்.

"பேர்னா நம்ம பேருதானே டீச்சர்?" என்றாள் வடிவு. எல்லாரும் சிரித்தார்கள்.

"இது இங்கிலீஷ் பேர், அக்கா. சுமக்கிறது, பொறுத்துக்கிறது, பிள்ளை பெறுறது. இங்கிலீஷ்ல மூணுக்கும் இந்த ஒரு சொல்லைப் போடலாம்."

"மூணும் ஒண்ணுதானே," என்றாள் வடிவு.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நிலோபர் அதன் கீழே 'போர்ன்' என்று இரண்டு தடவை எழுதினாள். "பிள்ளை பிறந்ததுன்னு சொல்ல இது. அம்மா சுமந்து பெத்தான்னு சொல்ல இது. ரெண்டாவதுக்கு மட்டும் கடைசியில ஒரு ஈ."

"அந்த ஈயை எப்படிச் சொல்லணும்?"

"சொல்லக் கூடாது. அதுக்குச் சத்தம் கிடையாது."

"சத்தமில்லாத ஈ எதுக்கு? விரட்டி விட்ருவோம்."

"விட்டா தப்பு, அக்கா."

மறுநாள் வகுப்பு முடிகிற நாள். வீட்டு ஆட்கள் முன்னால் ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றி வாசிக்க வேண்டும். வடிவு முன்கூட்டியே வந்து நோட்டை நீட்டினாள். 'நான் பெற்ற பிள்ளைகள்' என்று இங்கிலீஷில் எழுதி, எத்தனை என்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். போர்னில் ஈ இல்லை.

"ஏன்க்கா, எத்தனைன்னு எழுதலையா?"

"அத்தை ஒண்ணுன்னு எழுதச் சொன்னாங்க. கேட்க வந்திருக்காங்க, கீழேதான் நிக்கிறாங்க." வடிவு குரலைத் தாழ்த்தினாள். "மூத்தது அழவே இல்ல டீச்சர். பத்து மாசம் சுமந்தேன். வெளிய வந்துச்சு, சத்தமே வரல. துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பேருகூட வைக்கல. அதையெல்லாம் எண்ணக் கூடாதாம்."

நிலோபர் நோட்டில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. எத்தனைன்னு எழுத?"

நிலோபர் பேனாவை வாங்கினாள். விட்டுப்போன ஈயைப் போர்னின் கடைசியில் எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சத்தம் வரலைன்னாலும் எழுதித்தான் ஆகணும், அக்கா."

கீழேயிருந்து அத்தை கூப்பிட்டாள். வடிவு குனிந்து, காலி இடத்தில் இங்கிலீஷில் இரண்டு என்று எழுதினாள். அந்தச் சொல்லுக்கு நடுவிலும் டபிள்யூ என்று சத்தமில்லாத எழுத்து ஒன்று உண்டு. அதையும் விடவில்லை.