கயிற்றுத் தடம்

வைகைக் கரையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அதை நடத்தியவர் தையல்நாயகி அம்மா. அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் உடையப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குருவைவிட வயதில் மிகவும் மூத்தவர். பாதயாத்திரை வருகிறவர்கள் அவருடைய வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டுக் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய் அம்மாவைக் கைகாட்டுவார்.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பந்தலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவர் வேலை. ஆறு ஓடி வருடங்கள் ஆகிவிட்டன. தை மாதத்தில் இடுப்பளவு தோண்டினால் ஊறியது. பங்குனியில் தலை மறையத் தோண்டியும் ஈர மணல்தான் வந்தது.

ஒருநாள் காலை அவர் குழியிலிருந்து ஏறி வந்து, மண்வெட்டியை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"முடியலை அம்மா. மகன் வீட்டுக்குப் போறேன்."

"சரிங்க ஐயா."



"போகாதீங்கன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"நானும் களைச்சுத்தான் போயிருக்கேன். எந்த வாயால சொல்ல?"

"நாளைக்கு யாத்திரைக் கூட்டம் வந்துரும். வெறும் பானையைக் காட்டிக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

"தண்ணி இல்லைன்னா பந்தல் வெறும் நிழல். அதுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டும்."

"சாமியைத் தேடி உங்ககிட்ட வந்தேன். மண்வெட்டியைக் கையில குடுத்தீங்க."

"என்கிட்ட அதுதான் இருந்துச்சு" என்றார் அம்மா.

உடையப்பனின் துணிப்பையை அம்மா எடுத்துக்கொண்டார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வருவதாகச் சொன்னார். வழியில் ஒரு மேடு. பழைய ஊர் ஒன்று புதைந்து கிடந்த இடம். தோண்டிப் பார்க்க வந்தவர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். குழிகளுக்கு மேல் தகரக் கொட்டகை போட்டு, சோணைமுத்து என்பவரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள்.

மேட்டில் ஏறும்போது காலடியில் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் நொறுங்கின.

"குடுத்து வச்ச சனம்" என்றார் உடையப்பன். "இரு கரையும் தண்ணி ஓடுறப்ப வாழ்ந்துட்டுப் போயிருச்சு. நாம ஆறு செத்த பிறகு வந்து பொறந்திருக்கோம்."



கொட்டகை வாசலில் சோணைமுத்து எழுந்து நின்றார்.

"என்ன கண்டக்டரே, மூட்டையும் முடிச்சுமா? டிக்கெட்டு யாருக்கு? குருவுக்கா, சிஷ்யருக்கா?"

"எனக்குத்தான்ப்பா."

"நல்லதாப் போச்சு. இனிமே யாரு கால்ல விழுகுறதுன்னு யாத்திரைக்காரங்களுக்குக் குழப்பம் இல்லை."

உடையப்பன் சிரிக்கவில்லை.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்குல்ல?" என்று கேட்டார் அம்மா.

"இருக்கு ஆத்தா. வந்தா நானே கத்துறேன்."

அம்மா கொட்டகைக்குள் போய்க் குழியில் இறங்கினார். உடையப்பனும் பின்னால் இறங்கினார்.

குழிக்குள் ஓர் உறைகிணறு நின்றது. சுட்ட மண்ணால் செய்த உறைகள், அதாவது வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆள் உயரத்துக்கு. சுற்றியிருந்த மண்ணை எடுத்துவிட்டதால் கிணறு ஒரு தூண் போல வெளியே தெரிந்தது. ஒரு பக்கம் மேலிருந்து அடிவரை உடைந்திருந்தது. உள்பக்கத்தையும் பார்க்க முடிந்தது.

"ஆத்தை வாசல்ல வச்சுக்கிட்டுக் கிணறு எதுக்கு வெட்டுனாங்க?" என்றார் உடையப்பன்.

"எதுக்கா இருக்கும்?"

மேலேயிருந்து சோணைமுத்து எட்டிப் பார்த்தார். "பணக்காரவுக சாமி. ஆத்துல இறங்குனா கால்ல சகதி ஒட்டும்ல!"

அம்மா உடைந்த பக்கம் வழியாக நடு உறையின் உள்விளிம்பைக் காட்டினார்.

"இந்த விளிம்பைத் தொட்டுப் பாருங்க."

உடையப்பன் தொட்டார். விரல் அளவுக்குப் பள்ளங்கள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஆழமாக.

"கயித்துத் தடம்" என்றார்.

"கீழ உள்ளதைப் பாருங்க."

அவர் குனிந்தார். அதிலும் தடம். அதற்கும் கீழே உள்ளதில், இன்னும் ஆழமான தடம். குத்துக்காலிட்டு அமர்ந்து அடி உறையின் விளிம்பைத் தடவினார். அதிலும் இருந்தது.

"கயிறு கிணத்து வாயிலதானே உரசும்? அடியில இருக்கிறதுல எப்படி வந்துச்சு?"

"அதுவும் ஒரு காலத்துல வாயா இருந்ததுதான்."

உடையப்பனுக்குப் புரியவில்லை.

"தண்ணி கீழ போகும். உள்ள இறங்கி, உறைக்கு அடியில இருக்கிற மண்ணைத் தோண்டுவாங்க. எல்லா உறையும் சேர்ந்து கீழ இறங்கும். மேல ஒரு புது உறை வைப்பாங்க. அது வாயாகும். மறுபடியும் தண்ணி கீழ போகும்."

உடையப்பன் அடியிலிருந்து மேல்வரை பார்த்தார்.

"அப்ப இவங்களுக்கும் ஆறு வத்தியிருக்கு."

"ம்."

"ஒரு தடவை இல்லை."

"இல்லை."

அவர் எழுந்து நின்று, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த உறையின் விளிம்பில் கை வைத்தார். கை வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை தடவினார். உடையாத பக்கம் முழுவதும் சுற்றி வந்து தடவினார்.

"இதுல தடமே இல்லையே அம்மா."

"இல்லை."

"அப்படின்னா கடைசியாத் தோண்டுனப்ப தண்ணி வரலை."

"வரலை போலத்தான் இருக்கு."

"ஊரை விட்டே போயிருப்பாங்க."

"போயிருக்கலாம்."

உடையப்பன் குழியின் சுவரில் சாய்ந்துகொண்டார். உள்ளங்கையில் மண்வெட்டிக் காம்பு கொப்புளம் போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். தண்ணி வந்துச்சுன்னு காட்டியிருந்தா, சரி, என்னை நிறுத்தப் பாக்குறீங்கன்னு நினைச்சிருப்பேன். வராத கிணத்தைக் காட்டுறீங்க. இதைப் பார்த்து நான் என்ன செய்ய?"

வெளியே ஹாரன் கேட்டது.

"கண்டக்டரே! பஸ்ஸு வந்துருச்சு!" என்று சோணைமுத்து கத்தினார். "ஓடியாங்க. இவன் உங்களை மாதிரி இல்லை, ஆளு ஏறுறவரைக்கும் நிக்க மாட்டான்!"

அம்மா துணிப்பையை நீட்டினார்.

"போயிட்டு வாங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு. தண்ணி இருந்த நாள்ல வச்ச உறை இதுல எது?"

உடையப்பன் கிணற்றைப் பார்த்தார். மேலிருந்து கீழாக ஒவ்வோர் உறையாகப் பார்த்தார். எல்லாமே தண்ணீர் கீழே போன நாள்களில் வைத்தவை.

நீட்டிய பை அம்மாவின் கையிலேயே இருந்தது. மேட்டுக்கு அப்பால் பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.