மேற்பார்வைக்குப் போன விருந்து

முன்னொரு காலத்தில் கடன் வாங்கிப் பாலம் கட்டிய ராஜா ஒருவர் இருந்தார். கடன் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பாலம்தான் இன்னும் வந்தபாடில்லை.

ராஜாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் நெருங்கியது. யானைமேல் ஏறிப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்வர வேண்டும் என்று திடீரென்று அவருக்கு ஓர் ஆசை. பரிவாரத்தோடு ஆற்றங்கரைக்குப் போனார். இருபத்தொரு தூண்கள் நிற்க வேண்டிய ஆற்றில் இரண்டு நின்றன. ஒன்றின்மேல் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. பாலத்தைத் திறந்துவைத்தவர் ராஜா என்று சொல்லும் கல்வெட்டு மட்டும் கரையில் பளபளத்தது.

"மற்றத் தூணெல்லாம் எங்கே?" என்றார் ராஜா.

மேற்பார்வைக் குழுவின் தலைவர் அமைச்சர் அனந்தப்பர், ஓலைக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "மதிப்பீட்டில் இருக்கின்றன, மகாராஜா. ஆறாவது திருத்திய மதிப்பீடு போன வாரம்தான் முடிந்தது. முதலில் சொன்ன செலவைப் போல மூன்று மடங்கு. கடன் கொடுத்த பவழத்தீவு அரசரும் சம்மதித்துவிட்டார்."

"மூன்று மடங்குச் செலவுக்கு இரண்டு தூணா? நீங்கள் ஒன்பது பேரும் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

"அவர்களைக் குறை சொல்லக் கூடாது, மகாராஜா" என்றான் அரசவை விகடன் பலவேசம். "மாதம் தவறாமல் வந்து பார்க்கிறார்கள். அந்த நீர்க்காகத்தைக் கேளுங்கள், ஒன்பது பேரையும் அடையாளம் சொல்லும்."

கூட்டம் சிரித்தது. அனந்தப்பரின் காது சிவந்தது.

"வாயால் பாலம் கட்டுவது சுலபம், மகாராஜா. எங்களுக்கு நூற்றெட்டு விதிகள். ஒன்றைக்கூட நாங்கள் மீறியதில்லை. இந்தக் கோமாளி அதே விதிகளின்படி ஒரு விருந்தை மேற்பார்வை செய்து காட்டட்டும். ஒரு விதி பிசகினாலும் நாட்டைவிட்டே போகட்டும்!"

பசி வந்தால் ராஜா கத்துவார், கத்தினால் பலவேசம் பயந்து விதியை மீறுவான் என்பது அனந்தப்பரின் கணக்கு. ராஜாவுக்கோ பந்தயம் என்றால் சர்க்கரைப் பொங்கல்.

"ஆகட்டும். நாளைக்கு என் பிறந்தநாள் விருந்து உன் பொறுப்பு, பலவேசம்."

பலவேசம் கைகூப்பினான். "நடுவில் யாராவது விதியை விடச் சொன்னால், மகாராஜா?"

"நானே சொன்னாலும் விடாதே!"

பலவேசம் வீட்டுக்கு வந்து விதிகளின் ஓலைக்கட்டை அவிழ்த்து நூற்றெட்டையும் படித்தான். மனைவி ஆவுடை பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாட்டை விட்டுப் போகணும்னா ஆத்தைத் தாண்டணுமே. பரிசல்காரன்கிட்ட இப்பவே சொல்லி வைக்கட்டுமா?"

"மூட்டையை அவிழ், ஆவுடை. நான் ஒரு விதியையும் மீறப்போறதில்ல. ஒண்ணு விடாம நடத்தப்போறேன். நாளைக்கு நீ ஒரு சட்டி கஞ்சி மட்டும் கூடுதலா வை."

மறுநாள் காலையில் மேளம் முழங்க ராஜாவின் முன்னால் வாழையிலை விரிக்கப்பட்டது. விருந்தைத் திறந்துவைத்தவர் ராஜா என்று ஒரு பலகையும் வந்து நின்றது.

"வேலை தொடங்குமுன் திறப்பு விழா. மூன்றாம் விதி" என்றான் பலவேசம்.

ராஜா பெருமையாகத் தலையசைத்தார். உச்சிப்பொழுது வந்தது. சோறு வரவில்லை.

"வெந்துவிட்டது, மகாராஜா. உப்புதான் பாக்கி. கடன் கொடுத்த நாட்டுச் சரக்கையே வாங்க வேண்டும் என்பது பன்னிரண்டாம் விதி. பவழத்தீவுக்கு ஆள் போயிருக்கிறான். இருபது நாளில் கப்பல் வந்துவிடும்."

"அடேய், அரண்மனைச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளமடா!"

"பாலத்துக்குப் பக்கத்தில் கல்மலைகூட இருக்கிறது, மகாராஜா. கல் கப்பலில்தானே வருகிறது?"

ராஜா அனந்தப்பரைத் திரும்பிப் பார்த்தார். அனந்தப்பர் உத்தரத்தைப் பார்த்தார்.

"உப்பு போகட்டும். பாயசத்துக்கு உப்பு வேண்டாமே. அதைக் கொண்டு வா!"

"அது மேற்பார்வையில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் குழுவினர் நேரில் வந்து பார்க்க வேண்டும், அவர்களுக்கு உரிய படியை அந்த வேலையிலிருந்தே எடுத்துக்கொடுக்க வேண்டும். நாற்பதாம் விதி."

அழைப்பு வந்தால் போகாமல் இருந்து பழக்கமில்லாத குழு அது. சோற்றுக் கட்டத்துக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். உப்பு இல்லாவிட்டால் என்ன, நெய் இருந்தது. குழம்புக் கட்டத்துக்குத் தலைக்கு இரண்டு உதவியாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கும் விதி இருந்தது. பாயசக் கட்டத்தை இரண்டு முறை பார்த்தார்கள். பானை காலியானபோதெல்லாம் பலவேசம் மதிப்பீட்டைத் திருத்தி எழுதினான். ஒரு மரக்கால் அரிசி மூன்று மரக்கால் ஆயிற்று.

பொழுது சாய்ந்தது. ராஜாவின் இலை வாடிச் சுருண்டது. அதில் பலவேசம் இரண்டு அப்பளங்களைக் கொண்டுவந்து நிறுத்திவைத்தான்.

"இது என்ன?"

"விருந்து, மகாராஜா. மதிப்பீட்டைப் போல மூன்று மடங்குச் செலவு. நூற்றுக்கு எழுபது பங்கு முடிந்துவிட்டதாகக் குழுவே முத்திரை போட்டிருக்கிறது."

"எழுபது பங்கும் எங்கேயடா?"

பலவேசம் கையை நீட்டிக் காட்டினான். மண்டபத்தின் மறுகோடியில் ஒன்பது பேரும் தூணுக்கொருவராகச் சாய்ந்து கிடந்தார்கள்.

"பசி தாங்கவில்லை. விதியை விட்டுத் தொலை!"

"மகாராஜாவே சொன்னாலும் விடக் கூடாதென்று உத்தரவு. அமைச்சரைக் கேளுங்கள், ஏதாவது விதி பிசகியிருக்கிறதா என்று."

அனந்தப்பர் கையூன்றி எழுந்தார். பிசகிற்று என்றால் எது என்று காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் அவரே முத்திரை போட்டிருந்தார். "ஒன்றும்..." என்று தொடங்கும்போதே பெரிய ஏப்பம் ஒன்று வந்துவிட்டது. நெய் வாசனை சிம்மாசனம்வரை போயிற்று.

"...பிசகவில்லை, மகாராஜா."

பலவேசம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்துவந்தான். கஞ்சி, மேலே சின்ன வெங்காயம்.

"என் வீட்டுக்காரி வைத்தது. திட்டத்தில் சேராதது, அதனால் எந்த விதியும் இதைத் தொடாது. யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை, மகாராஜா. அதனால்தான் சட்டி நிறைய இருக்கிறது."

ராஜா சட்டியைப் பார்த்தார். இலையில் நின்ற இரண்டு அப்பளங்களைப் பார்த்தார். ஆற்றில் நின்ற இரண்டு தூண்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பலவேசத்துக்குப் போட்டார்.

"இன்னும் ஏதாவது வேண்டுமா? கேள்."

"ஒரே ஒரு விதி, மகாராஜா. நூற்றொன்பதாவது. குழுவினருக்கு உரிய படியை இனிமேல் அக்கரையில் கொடுக்க வேண்டும். பாலத்தின்மேல் நடந்து போய்த்தான் வாங்க வேண்டும். பரிசல் கூடாது."

"இன்றே எழுது!"

ஏழு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த கல்மலை, மறுநாள் விடிந்ததும் அனந்தப்பரின் கண்ணில் பட்டுவிட்டது. அதற்கப்புறம் மதிப்பீட்டைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கு ராஜா யானைமேல் ஏறிப் பாலத்தைக் கடந்தார். அவருக்குப் பின்னால் முத்துமாலையோடு பலவேசம். யானை அக்கரையில் கால் வைத்தபோது, ஒன்பது பேரும் அவர்களுக்கு முன்பே இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.