கொட்டாங்குச்சி என்கிற சமுத்திர சக்கரவர்த்தி

அந்தக் காலத்தில் கடலுக்கு வாய் இருந்தது, காது இருந்தது, அசாத்திய ஞாபகசக்தியும் இருந்தது. இல்லாதது கண் ஒன்றுதான். அதனால் கப்பல்களைப் பெயரை வைத்துத்தான் அது அடையாளம் கண்டுகொள்ளும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியிலிருந்து தடவிப் பார்த்தால் எல்லாக் கப்பலுக்கும் ஒரே வயிறுதானே?

சங்குமுனைத் துறையின் வாசலில் ஒரு மணல்திட்டு கிடந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு கப்பலையும் கடல் அங்கே நிறுத்தி, "யாரு?" என்று கேட்கும். கப்பல் தன் பெயரைச் சொல்லும். தெரிந்த பெயர் என்றால், பிள்ளையை இடுப்பில் தூக்குவதுபோல ஓர் அலையால் தூக்கித் திட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். தெரியாத பெயர் என்றால், விவரம் அறிந்த யாராவது சாட்சி சொல்லும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். இந்தத் தொல்லையே வேண்டாமென்று, புதுக் கப்பலை இறக்கும் நாளில் ஊரே கரையில் கூடித் தேங்காய் உடைத்து, கடலைப் பார்த்து அதன் பெயரை உரக்கச் சொல்லிவிடுவார்கள். ஒரு தடவை கேட்டால் போதும், கடல் மறக்காது.

பவளக்கண்ணு என்று ஒரு வியாபாரி. இலுப்பை மரத்தில் ஆசை ஆசையாக ஒரு கப்பல் கட்டினான். இறக்கிய அன்றே அது முதல் அலையில் குதியாட்டம் போட்டது. தச்சர் ஒருவர், "அடடே, கொட்டாங்குச்சி கணக்கா மிதக்குது பாருய்யா!" என்று கத்திவிட்டார். ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் "கொட்டாங்குச்சி! கொட்டாங்குச்சி!" என்று கூவ, கடல் அதையே பிடித்துக்கொண்டது. பவளக்கண்ணு மனதில் வைத்திருந்த பெயர் வேறு. என்ன செய்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்றைக்குப் பாய்மரத்தின் உச்சியில் ஒரு கடற்குயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கடற்குயில் என்றதும் ஏதோ புதுப் பறவை என்று நினைக்க வேண்டாம். வெள்ளை உடம்பும் சாம்பல் இறக்கையுமாக இன்றைக்கும் துறைமுகத்தில் பறக்கிறதே, அதேதான். அப்போது அதன் குரல் அவ்வளவு இனிமை. அது பாடினால் வலை இழுப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காற்றடிக்கும்போது வாயே திறக்காது. தொண்டை கெட்டுவிடுமாம்!

கொட்டாங்குச்சி ஓடி ஓடி உழைத்தது. பவளக்கண்ணு பெரிய மனிதனானான். பெரிய மனிதனானதும் கப்பலின் பெயர் அவனுக்குக் கசக்க ஆரம்பித்தது. போகிற துறையிலெல்லாம் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். அவனுடைய மனைவி செம்பாயி பிரசவத்துக்காகப் புன்னைத்தீவில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அழைத்துவரப் போன இடத்தில் மைத்துனன் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன மச்சான், எங்கக்காவையும் புள்ளையையும் கொட்டாங்குச்சியிலயா கூட்டிட்டுப் போறீக?" என்று கேட்டுவிட்டான்.

சுருக்கென்று தைத்தது. அன்றே பவளக்கண்ணு உளியை எடுத்துக்கொண்டு கப்பலின் பின்புறம் ஏறினான். பழைய பெயரைச் செதுக்கி எறிந்தான். அந்த இடத்தில் மஞ்சள் வண்ணத்தில் 'சமுத்திர சக்கரவர்த்தி' என்று எழுதினான்.

கப்பல் மெதுவாகச் சொன்னது: "ஐயா, சங்குமுனைக்குப் போனதும் ஊரைக் கூட்டி, கடல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே?"

"என் கப்பலுக்குப் பேர் வைக்க நான் யாருகிட்ட உத்தரவு கேக்கணும்? இனிமே யாரு கேட்டாலும் நீ சக்கரவர்த்திதான். விளங்குதா?"

அந்த நேரம் பார்த்துக் கடற்குயில் ஈர வண்ணத்தின்மேல் எச்சமிட்டுத் தொலைத்தது. பவளக்கண்ணு கட்டையை எடுத்து வீசினான். மயிரிழையில் தப்பிய பறவை, அதற்குப் பிறகு பாய்மரத்தில் உட்காரவில்லை. ஆனாலும் கப்பலின் பின்னாலேயே வந்தது. செம்பாயி எப்போதும் தன் சோற்றில் ஒரு பிடி அதற்கு வைப்பாள்.

சங்குமுனையை நெருங்கும்போது வானம் கறுத்தது. காற்று சுழற்றியடித்தது. கப்பல் திட்டருகே வந்து நின்றது.

"யாரு?" என்றது கடல்.

"சமுத்திர சக்கரவர்த்தி" என்றது கப்பல். அதன் குரலே கூசியது.

"சக்கரவர்த்தியா? எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியாதே. சாட்சி இருந்தா கூப்பிடு."

அலை வரவில்லை. காற்று கப்பலைத் திட்டின்மேல் தள்ளியது. அடிப்பலகை மணலில் உரசி, ஒரு பலகை பிளந்து தண்ணீர் உள்ளே வந்தது. மாலுமிகள் இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஏறியது. செம்பாயி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தாள். அதைப் பார்த்ததும் பவளக்கண்ணுவின் பெருமையெல்லாம் கரைந்து ஓடியது.

"கடலே! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இது கொட்டாங்குச்சிதான்! உன் கொட்டாங்குச்சிதான்!" என்று கதறினான்.

கடலுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதல்ல சக்கரவர்த்தின்னீங்க, இப்பக் கொட்டாங்குச்சிங்கிறீங்க. என் கொட்டாங்குச்சியை என்னய்யா பண்ணினே? எங்க மூழ்கடிச்சே? அது பேரைச் சொல்லிக்கிட்டு உள்ள நுழையப் பாக்குறியா?"

பாவம் கடல்! பாசத்தால் வந்த கோபம் அது. ஆனால் பாசமுள்ளவர்களின் கோபத்தில்தானே அழிவு அதிகம்?

"பேர் வச்ச அன்னிக்குப் பக்கத்துல இருந்தவங்க சொல்லட்டும். கப்பலுக்குச் சொந்தக்காரன் பேச்சும் அவன் பொண்டாட்டி பேச்சும் சாட்சியாகாது" என்றது கடல். மாலுமிகளோ எல்லோரும் பிறகு வந்து சேர்ந்தவர்கள். கரையில் இருந்தவர்களின் கூச்சலைக் காற்று வாரிக்கொண்டு போனது.

செம்பாயி மேலே பார்த்தாள். "ஏ கடற்குயிலு! அன்னிக்கு நீ மரத்து உச்சியில இருந்தியே! ஒரு வார்த்தை சொல்லு தாயி!"

"இந்தக் காத்துல கத்தினா என் தொண்டை போயிரும்மா. ஒம்புருசன் என்மேல கட்டையை வீசினவருதானே? அவரே கத்தட்டும்."

"போயிரும்னு எனக்கும் தெரியுது. கேக்க வாய் கூசுது" என்றாள் செம்பாயி. கண்ணீரும் கடல்நீரும் கலந்து முகத்தில் வழிந்தன. "ஆனா புள்ளையைக் கையில வச்சுக்கிட்டு எப்படிக் கேக்காம இருப்பேன்?"

பறவைக்கு அதற்குமேல் வாதாட மனம் வரவில்லை. இறக்கையை மடக்கி அலைக்கு ஒரு முழ உயரத்தில் இறங்கியது. முதலில் தன் இனிமையான குரலில் "கொட்டாங்குச்சி" என்று பாடியது. புயலில் அது யார் காதில் விழும்? பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தியது. மறுபடியும் கத்தியது. தொண்டைக்குள் என்னவோ கிழிந்தது. ரத்தச் சுவை வாய்க்கு வந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

கரகரவென்று கிழிந்த அந்தக் குரல்தான் காற்றைத் துளைத்துக்கொண்டு கடலின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அடியே கொட்டாங்குச்சி, நீதானா! கொஞ்ச நேரத்துல உன்னையே கொல்லப் பாத்தேனே!" என்று பதறிய கடல், அதுவரை யாரும் பார்த்திராத ஓர் அலையைச் சுருட்டிக் கொண்டுவந்தது. கப்பலைத் தூக்கியது. பூவை வைப்பதுபோலத் துறைக்குள் வைத்தது.

எல்லோரும் பிழைத்தார்கள். பறவை கப்பல் கட்டும் முளைக்கம்பு ஒன்றில் உட்கார்ந்து பாடிப் பார்த்தது. பாட்டு வரவில்லை, காக்கை கரைவதுபோலத்தான் வந்தது. துறையில் நின்ற யாரோ விவரம் தெரியாமல், "இதென்ன, கடற்காகமா?" என்று சிரித்தார். அவ்வளவுதான், அந்தப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

பவளக்கண்ணு அதன்முன் கைகூப்பி நின்றான். "என் கௌரவத்துக்காக இந்தக் கப்பலோட பேரை அழிச்சேன். அதைக் காப்பாத்த நீ உன் பேரையே தொலைச்சிட்டே. புதுப் பேரை இப்பவே சுரண்டி எறிஞ்சிடுறேன்" என்றான்.

கடல் குறுக்கிட்டது. "அது கிடக்கட்டும்யா. பேரை மாத்துறது உங்க பொறவிக் குணம். விக்கிறவன் மாத்துவான், வாங்குறவன் மாத்துவான். என்ன வேணும்னாலும் வச்சுக்குங்க. ஆனா பழைய பேர் தெரிஞ்ச ஒருத்தர் கூடவே வரணும். அது போதும் எனக்கு."

"நான் வர்றேன். எம்புள்ளைகளும் வரும்" என்றது பறவை, அந்தக் கரகரத்த குரலில். அதைக் கேட்டு, அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திக் கெக்கெக்கென்று சிரித்தது. பறவைக்கே கொஞ்சம் ஆறுதலாகிவிட்டது. யாருக்கும் அதன் பாட்டு இப்படிச் சிரிப்பு மூட்டியதில்லை.

அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம். கப்பல்கள் கை மாறுகின்றன, கொடி மாறுகின்றன, துறைக்கொரு பெயர் வைத்துக்கொள்கின்றன. பின்னால் பறந்துவரும் கடற்காகமோ பலகையில் எழுதியிருப்பதைச் சட்டை செய்யாமல், கப்பலின் முதல் பெயரைத்தான் கடலுக்குக் கேட்கும்படி கத்துகிறது. அப்போது மரக்கப்பலின் பலகைகள் கிறீச்சிடுவதையும் கேட்டிருப்பீர்கள். ஊர் மறந்துவிட்ட 'கடற்குயிலே' என்ற பெயரைச் சொல்லி, கப்பல் அதைக் கூப்பிடுகிறது.